கேஸ்கட் மருந்தும் எங்கள் மச்சாண்டாரும்

எங்கள் மச்சாண்டார் இராஜாங்கம் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். குழம்பு கேட்பது வாசலிலிருந்து, ரசம் கேட்பது கொல்லையிலிருந்து. அவர் மனைவி அம்சம் அக்கா கரண்டியோடு பின்னாலேயே போவார். "ஓடுற பஸ்ஸுல டிபன் விக்கிறவளுக்குக்கூட இவ்வளவு ஓட்டம் இருக்காதுடி" என்பார் என்னிடம்.

அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதத்துக்கு ஒரு தரம் வருவார். பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் இந்த வீட்டுக்கு நான் வந்து ஒன்பது வருடம். போன தை மாதம் வரை மச்சாண்டாரிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். அவர் எதிரிலேயே நிற்பார், நான் அக்காவைப் பார்த்து, "சோறு போதுமான்னு கேளுங்கக்கா" என்பேன். அவரும் அக்காவைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பார். "நடுவுல நான் என்ன போஸ்ட்மேனா?" என்று அக்கா கேட்காத நாள் இல்லை.

பேசாதவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். மச்சாண்டாரை நான் பார்த்தது அதிகம்.

அவர் அப்பா ஒரு பெரிய பண்ணையில் கூலியாள். இவர் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே பண்ணைக்குப் போனார். ஆற்றில் தண்ணீர் வந்ததும் வரப்பு வரப்பாக நடந்து நண்டு வளை அடைப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. விரல் நுழைகிற ஓட்டையாகத்தான் இருக்கும், கவனிக்காமல் விட்டால் பொழுது சாய்வதற்குள் வயல் தண்ணீர் முழுவதும் பக்கத்து வயலுக்குப் போய்விடும். இவர் நடக்கும்போதே காலில் தெரிந்துவிடுமாம், வரப்பு உள்ளே அரித்திருக்கிறதா இல்லையா என்று. களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து ஓடுகிற தண்ணீரிலேயே திணித்து மிதிப்பார். 'நண்டு வளை ராஜாங்கம்' என்றால்தான் வயதானவர்களுக்கு இன்றும் தெரியும்.

பிறகு டிராக்டர் ஓட்டினார், பதினெட்டு வருடம். அப்புறம் ஆத்தூர் பக்கம் போய், நாலு கை மாறிய ஒரு அறுவடை மெஷினை வாங்கி வந்தார். டயர் வண்டி இல்லை, ஈர வயலில் இறங்குகிற செயின் வண்டி. அந்த வயல்களில் குனிந்து அறுத்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள். அறுக்கிற மெஷினும் இப்போது எங்கள் தெருவில் நின்றது. வந்த அன்று பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். அக்கா சூடம் எடுத்து வருவதற்குள் மச்சாண்டார் அதை வயலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன தை மாதம் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மெஷின் வெள்ளைப் புகை கக்கியது. காலையில் ரேடியேட்டரில் நிரப்பிய தண்ணீர் மத்தியானம் பாதியாகிவிடும், கீழே ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. பாபநாசத்திலிருந்து மெக்கானிக் சாரங்கபாணி வந்து மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். உள்ளே தண்ணீர் சோறு கொதிப்பது போலக் குமிழி விட்டது.

"ஹெட் கேஸ்கட் போயிடுச்சு அண்ணே. இன்ஜின் தலைக்கும் ஒடம்புக்கும் நடுவுல இருக்கிற தகடு. தண்ணி அது வழியா உள்ள போயி ஆவியா வருது. தலையக் கழட்டணும், லேத்துல குடுத்து மட்டம் பாக்கணும். அறுப்பு நேரம், லேத்துல கூட்டம். வியாழக்கிழமைக்கு முன்னாடி ஆவாது."

"புதன்கிழமை சாயந்திரம் மழைங்கிறான்."

"மழைக்கு நான் என்ன பண்ணட்டும்?"

மச்சாண்டார் மெஷினை மூன்று சுற்று சுற்றி வந்தார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெருவுக்கே தெரியும். காளியம்மாளுடைய மூன்று மா.

காளியம்மாள் அவருக்கு அத்தை முறை. அறுபது வயது, தனிக்கட்டை. ஒரு ஏக்கருக்கு மூன்று மா, அந்த ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் வைத்திருந்தார். வருடத்துச் சோறு அதுதான். வயல் கடைசியில் இருந்தது. மதகைத் தாண்டி மெஷின் உள்ளே இறங்கினால் முன்னால் இருக்கிற வயலை அறுத்து, அந்த வெற்று வயல் வழியாகத்தான் அடுத்த வயலுக்குப் போக முடியும். நிற்கிற பயிரை மிதித்துக்கொண்டு யாரும் போக மாட்டார்கள். அதனால் உள்வயல்காரர்களுக்கு எப்போதும் கடைசி முறை. நெல் முற்றிச் சாய்ந்துவிட்டது. மழை விழுந்தால் தரையோடு முளைத்துவிடும். வெளி மெஷின்காரர்களிடம் கேட்டாயிற்று. மூன்று மாவுக்காக யாரும் வரத் தயாராக இல்லை.

"பொங்கலுக்கு முன்னாடியே அறுத்துத் தர்றேன்னியே ராசாங்கம்," என்று காளியம்மாள் வாசலில் வந்து நின்றார். "பொங்கலு வந்துச்சு, போச்சு. மாட்டுப் பொங்கலும் போச்சு. இனி எனக்குப் பொங்கல் வெச்சுட்டுத்தான் வருவியா?"

"புதன்கிழமைக்குள்ள உன் நெல்லு களத்துல கிடக்கும் அத்தை. போ."

திங்கட்கிழமை காலை நான் நௌஷாத் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருந்தேன். பழைய செய்தித்தாளில் கவர் ஒட்டிக் கடைகளுக்குக் கொடுப்பது என் வேலை. நட்டு, வாஷர் போட்டுக் கொடுக்க அவர் வாரம் ஒரு கட்டு வாங்குவார். மச்சாண்டார் உள்ளே வந்ததும் நான் பெல்ட் தொங்குகிற பக்கமாக நகர்ந்து நின்றேன்.

"பாய், கேஸ்கட் மருந்துன்னு ஒண்ணு இருக்காமே. ஊத்தினா அடைச்சிக்குமாம்?"

நௌஷாத் பாய் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். "இருக்குண்ணே. ஆனா மருந்துதான், ஆபரேசன் இல்ல. மாத்திரையப் போட்டுக்கிட்டு மலை ஏறிடலாம்னு நெனைக்காதீங்க."

"மலையெல்லாம் வேணாம். மூணு மா போதும்."

"உள்ள ஒரு பேப்பர் இருக்கு. அதுல உள்ளபடி செய்ங்க. ஒண்ணு விட்டாலும் என்னைய வந்து கேக்கக் கூடாது."

மச்சாண்டார் பாட்டிலை எடுத்துக்கொண்டார். பேப்பர் கடை வாசலிலேயே விழுந்தது. நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

எழுத்து இங்கிலீஷிலும் இந்தியிலும் இருந்தது. எட்டாவது வரை படித்த எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆனால் படம் போட்டிருந்தது. முதல் படத்தில் பழைய தண்ணீரை வடிக்கிறார்கள். அடுத்ததில் நல்ல தண்ணீரும் மருந்தும் ஊற்றுகிறார்கள். மூன்றாவதில் வண்டி நின்ற இடத்திலேயே ஓடுகிறது, பக்கத்தில் 30. நாலாவது படத்தில் தண்ணீர் எல்லாம் வடிந்து ரேடியேட்டர் காலியாக இருந்தது, மேலே ஒரு கடிகாரம், அதில் 24.

நான் வீடு வருவதற்குள் மச்சாண்டார் மூன்றாவது படம் வரை வந்திருந்தார். அதுவரை எல்லாம் சரியாகச் செய்திருந்தார். மெஷின் வாசலில் அரை மணி ஓடியது. புகை மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போனது. அவர் முகத்தில் சிரிப்பு. அணைத்துவிட்டு, "தண்ணியக் கொட்டிட்டுப் புதுசு ஊத்து, கெளம்பலாம்" என்று அக்காவிடம் குடத்தைக் கேட்டார்.

நான் பேப்பரை நீட்டினேன். "அக்கா, நாலாவது படத்தப் பாருங்க. தண்ணிய வடிச்சிட்டு இருபத்து நாலு மணி நேரம் காய விடணுமாம். சொல்லுங்க."

"காய விடணுமாம்," என்றார் அக்கா.

"காய விட்டா வெடிக்கும்னு சொல்லு."

"வெடிக்குமாம்டி."

"அடைச்ச வளைய எவனாச்சும் காய விடுவானா? ஈரம் இருக்கிற வரைக்கும்தான் அடைப்பு நிக்கும். காஞ்சா பொளந்துக்கும். நாப்பது வருசமா அடைக்கிறேன், எனக்குத் தெரியாததா பேப்பர்க்காரனுக்குத் தெரியும்னு கேளு."

அக்கா என்னைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், குடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

காளியம்மாளின் வயலுக்கு முன்னால் இன்னும் இரண்டு வயல். முதல் வயலை இரண்டு மணிக்குள் முடித்தார். இரண்டாவது வயலில் பாதி போகும்போது வெள்ளைப் புகை முன்னை விட மோசமாக வந்தது. ரேடியேட்டர் மூடி தெறித்து, கொதி தண்ணீர் ஆள் உயரத்துக்கு அடித்தது. மெஷின் நின்ற இடம் இரண்டாவது வயலின் நடு. அதற்கு அப்பால் காளியம்மாளின் நெல் மஞ்சளாகப் படுத்துக் கிடந்தது. வேறு மெஷின் வருவதாக இருந்தாலும் இதைச் சுற்றிக்கொண்டு போக வழி இல்லை, ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் நிற்கிற பயிர்.

செவ்வாய்க்கிழமை காலை எல்லாரும் வயலில் நின்றோம். மச்சாண்டார் கையில் இன்னும் இரண்டு பாட்டில்.

"ரெண்டையும் சேத்து ஊத்துறேன். நேத்து ஒண்ணு பத்தல. பெரிய வளைக்கு ரெண்டு கூடை மண்ணு வேணும்."

"ஊத்து, ஊத்திட்டு இன்னைக்கே அறு," என்றார் காளியம்மாள். "வானத்தப் பாரு."

அக்கா வாய்க்காலில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

"மாமா," என்றேன்.

அவர் திரும்பினார். காளியம்மாளும் திரும்பினார்.

"அது மண்ணு இல்ல மாமா, பசை. நான் தெனம் கவர் ஒட்டுறேன். பசை காயாம தூக்குனா அடி பிஞ்சிடும். எவ்வளவு தடவுனாலும் பிஞ்சிடும். காயணும்."

"அட, இவளுக்கு வாய் இருக்கா!" என்றார் காளியம்மாள்.

மச்சாண்டார் பாட்டில்களைப் பார்த்தார். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். பிறகு ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டார். அக்கா குடத்தோடு வந்ததும், "வாய்க்கா தண்ணி வேணாம். கொழாத் தண்ணி கொண்டாரச் சொல்லு" என்றார், அவரிடம்.

அலசி, ஊற்றி, அரை மணி ஓட்டி, வடித்து முடிக்கும்போது மணி பதினொன்று. மூடியைத் திறந்து போட்டு, அடித் திருகையும் கழற்றி வைத்தார். சாவியை உருவி அக்காவிடம் நீட்டினார். "இத அவகிட்ட குடு. நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் நானே கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லு."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். பதினொன்றே காலுக்கே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்சம், சாவியில துரு இருந்துச்சு, தொடைக்கணும்."

"நான் தொடைச்சிட்டேன்னு சொல்லுங்கக்கா."

ஒரு மணிக்கு, "பேட்டரி வயர் பாக்கணும்". மூன்று மணிக்கு வந்து, என் முந்தானை முடிச்சைப் பார்த்துவிட்டுப் போனார். நடுவில் வயலுக்கு எத்தனை தடவை போய் வந்தார் என்று எண்ண முடியவில்லை. ரேடியேட்டருக்குள் விரலை விட்டுப் பார்த்தாராம், காது வைத்துக் கேட்டாராம். "புள்ளத்தாச்சி வயித்தத் தொட்டுப் பாக்குற மாதிரி பாக்குறாரு," என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒட்ட உட்கார்ந்தால் கவரின் வாய் கோணலாகப் போனது. மழை ஒரு பொழுது முந்தி வந்துவிட்டால் அந்த நெல் முளைப்பது என்னால்தான். வாயைத் திறந்ததே முதல் தடவை, அது ஒருத்தியின் சோற்றில் விழுந்துவிடுமோ என்று வாசலுக்கும் கொல்லைக்கும் நானும் நடந்தேன்.

புதன்கிழமை விடிந்தபோது கிழக்கே கறுத்திருந்தது. ஒன்பது மணிக்குக் காளியம்மாளே வந்துவிட்டார்.

"ஏம்மா, சாவி உன்கிட்டயாமே. ஒன் பசை காயறதுக்குள்ள என் நெல்லு நனைஞ்சிடும் போலருக்கே."

"இன்னும் ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரத்துல என்ன காஞ்சிடப் போவுது?"

முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "நனைஞ்சா ஒன் வீட்டுலதான் வந்து சாப்புடுவேன், வருசம் பூரா," என்றார். "வாங்க," என்றேன்.

பத்தரைக்கு நானே குடத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். மச்சாண்டார் மணியைப் பார்த்துக்கொண்டே நின்று, பதினொன்றுக்குத் தண்ணீர் நிரப்பி, நான் கொடுத்த சாவியைத் திருகினார். புகை வந்தது. வழக்கமான கறுப்புப் புகை.

பொங்கலுக்கு ஊருக்குப் போன உதவியாள் திரும்பவில்லை. சாய்ந்த நெல்லில் அறுக்கும்போது கண் முன்னாலேயே இருக்க வேண்டும், சூடு காட்டுகிற முள்ளைப் பார்க்க முடியாது. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "எனக்கு அந்த மெசின் மேல ஏறுனாலே தலை சுத்தும்," என்றார். அப்போது மச்சாண்டார் என்னிடம், "ஏறு. முள்ளப் பாத்துச் சொல்லு" என்றார். அக்கா வழியாக இல்லை, என்னைப் பார்த்து.

ஏறினேன். வரப்பில் நின்ற இரண்டு பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

இரண்டாவது வயலின் மீதி இரண்டு மணிக்கு முடிந்தது. முள் நடுவில் நின்றது. காளியம்மாளின் வயலில் இறங்கியதும் வேகத்தைக் குறைத்துவிட்டார். படுத்த நெல்லைச் சீவி எடுக்க வேண்டியிருந்தது. முதல் மாவில் முள் அசையவில்லை. இரண்டாவது மாவில் மெல்ல ஏறியது.

"எங்க நிக்குது?"

"சிவப்புக்கு ரெண்டு வெரல் கீழ."

"வெரலு உன்னுதா, என்னுதா?"

"என்னுதுதான் மாமா."

"அப்ப என்னுதுல ஒண்ணரைதான்," என்று முணுமுணுத்தார்.

மூன்றாவது மா பாதி நிற்கும்போது முள் சிவப்பைத் தொட்டது. சொன்னேன். வெள்ளைப் புகை நூலாகக் கிளம்பியிருந்தது. அணைத்து ஆறவிட்டால் ஒரு மணி நேரம் ஆகும். கிழக்கே வானம் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது, ஈரக் காற்று முகத்தில் அடித்தது. ஓட்டினால் இன்ஜின் போகும். அவர் என்னையும் கேட்கவில்லை, காளியம்மாளையும் பார்க்கவில்லை. லீவரைப் பிடித்திருந்த கையை எடுக்கவும் இல்லை.

"இனிமே முள்ளச் சொல்லாத," என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். கண்ணை மூட முடியவில்லை. முள் சிவப்பின் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. கடைசி வரிசையை அறுத்து முடித்து, வரப்போரம் காத்திருந்த டிராக்டர் பெட்டியில் நெல்லைக் கொட்டியதும், உள்ளே இரும்பு அடிபடுகிற சத்தம் ஒன்று கேட்டது. மெஷின் தானாக நின்றது. எங்களைச் சுற்றி ஒரே வெள்ளைப் புகை. தார்ப்பாய் போட்டு மூடிய டிராக்டர் மதகைத் தாண்டும்போது முதல் தூறல் விழுந்தது.

மழை மூன்று நாள் பெய்தது. காளியம்மாளின் நெல் தப்பித்தது. மெஷின் அவர் வயலின் மூலையில் செயின் முக்கால் புதைந்து நின்றது.

சாரங்கபாணி தார்ப்பாய்க்கு அடியில் குனிந்துகொண்டு இன்ஜின் தலையைக் கழற்றினார். உள்ளே கண்ணாடித் துண்டு மாதிரி மருந்து படிந்திருந்தது. ரேடியேட்டரில் பாதிக் குழாய் அதனாலேயே அடைபட்டிருந்தது. "மருந்து நல்லாத்தான் அடைச்சிருக்கு. அடைக்க வேண்டியதையும் அடைச்சிருக்கு, அடைக்கக் கூடாததையும் அடைச்சிருக்கு," என்றார். தலை வளைந்திருந்தது. அது லேத்திலிருந்து வரவும், புதுக் கேஸ்கட்டும் ரேடியேட்டரும் கிடைக்கவும் மூன்று வாரம். மச்சாண்டார் லேத்து வாசலில் நடந்தது, நௌஷாத் பாய் கடைக்கு நடந்தது எல்லாம் சேர்த்தால் வேளாங்கண்ணிக்கே போய் வந்திருக்கலாம்.

மாசி மாதம் அவற்றைப் பூட்டி மெஷினை எடுக்கச் சாரங்கபாணியோடு வயலுக்குப் போனோம். இரண்டாம் போகத் தாளடி நெல் அறுப்புக்கு நாலு பேர் காத்திருந்தார்கள். வயலில் பார்த்தால் உளுந்து. மழை ஈரத்தில் காளியம்மாள் விதைத்துவிட்டிருந்தார். மெஷினைச் சுற்றி, அதன் செயினுக்கு இடையில்கூட, நாலு இலை விட்டு நின்றது.

"என்ன அத்தை இது?"

"நீ என்னைக்கு எடுப்பேன்னு எனக்குத் தெரியுமா? ஈரம் எனக்காவக் காத்திருக்குமா?"

மச்சாண்டார் பயிரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். எல்லாம் பூட்டி முடிந்ததும் ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்தார். இறங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் சுத்தமாக இருந்தது. திரும்ப ஏறினார். ஏறியவர் லீவரைத் தொடவில்லை.

காளியம்மாள் சேலையை வரிந்து செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். "அன்னைக்கு நீ வந்த தடத்துல தண்ணி நின்னு வெதை அழுகிடுச்சு, அங்க பயிர் கம்மி. நான் முன்னாடி நடக்குறேன். என் காலடியிலயே செயின வெச்சு வா. அந்தாண்ட இந்தாண்ட போனே, தெரியும் சேதி."

அவருக்கு முழங்கால் வலி. ஓர் அடி வைப்பார், குனிந்து பார்ப்பார், செடி இருந்தால் கையால் ஒதுக்குவார், அடுத்த அடி வைப்பார். அவருக்குப் பின்னால், அவருடைய நடைக்கு, அந்தப் பெரிய மெஷின் உறுமிக்கொண்டு ஊர்ந்தது. மச்சாண்டாரின் இடது கால் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தது. "அத்தை, கொஞ்சம் எட்டிப் போடேன்," என்று இரண்டு தரம் கத்தினார். காளியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதகு வரை போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது.